இந்த வேம்பை யார் நட்டது

1

போன மாசம் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கிற வேப்பமரத்துக்கு என் வாயாலேயே மரண தண்டனை வாங்கிக் கொடுத்தேன். அதை ரத்து செய்ய நான் பட்ட பாட்டை ராயபுரத்தில் இருக்கிறவர்கள் படித்துச் சிரிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு மழைக்காலம் ஒதுங்கியதோடு சரி. மழை விட்டதும் மீன்கூடை தலைக்கு வந்துவிட்டது. பிழை தட்டுப்பட்டால் மீன் முள் மாதிரி ஒதுக்கி வைத்துவிட்டு மேலே சாப்பிடுங்கள்.

நாங்கள் இருப்பது பினாங்கில், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். பலகை வீடு, தகரக் கூரை. பின்னால் நீளமாக ஒரு தோட்டம். தோட்டம் என்றதும் ரப்பர் தோட்டம் என்று நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள். நாலு வாழை, ஒரு கறிவேப்பிலை, கடைசியில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், அவ்வளவுதான். அந்த வாய்க்கால் கரையில்தான் வேம்பு. யாரும் வைத்ததில்லை. எந்த மைனா எங்கே பழம் தின்று இங்கே வந்து எச்சமிட்டதோ, ஒரு நாள் பாத்திரம் கழுவப் போனபோது இரண்டு இலையோடு நின்றது. இன்றைக்குக் கூரையைத் தாண்டிவிட்டது. என் மருமகள் தனம் காசிமேட்டுப் பெண். கன்று இடுப்பளவு வளர்ந்த உடனேயே அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டிவிட்டாள். அம்மன் வந்துவிட்டாள் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் என் சந்தோஷம் நிழலைப் பற்றியது.

பகல் பூராவும் அந்த நிழலில்தான் என் குடித்தனம். முக்காலி, வெற்றிலைப் பெட்டி, கருவாட்டுத் தட்டு. மதியத்துக்கு மேல் சந்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தால் பினாங்கில் நடக்கிறதும் நடக்காததும் அங்கே வந்து சேரும். அந்த மரம் போனால் எனக்கு மிஞ்சுவது சமையலறைக்குப் பக்கத்து இருட்டு மூலை. அதில் ஏற்கெனவே தனத்தின் தையல் மிஷின் இருக்கிறது. இரண்டு பழைய சாமான்களுக்கு அங்கே இடம் இல்லை.

இந்த நிலைமையில் கொசு ஒழிக்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் சண்முகம். யாழ்ப்பாணத்தார். முழங்கால் தெரிகிற வெள்ளைக் கால்சட்டை, தலையில் துரைமார் வெயிலுக்குப் போடுகிற சோளாத் தொப்பி. வாய்க்காலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆச்சி, இந்த வேம்பு ஆர் வைச்சது?"

"அய்ய, இன்னா கேள்வி கேட்டுட்ட நைனா! யாரும் வெக்கலே. தானா மொளைச்சது. தானா வந்தவ அவ. சந்துல யாரை வேணா கேளு, கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுவாங்க."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத்தான் கீது. நீயே பாரேன், எம்மாம் பச்சை!"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் ஊரில் வடிவாக என்றால் நிச்சயமாக என்று அர்த்தமாம். அவர் தமிழும் என் தமிழும் சந்திக்கிற இடங்களில் எப்போதும் இப்படி ஒரு பள்ளம் உண்டு.

"தானா முளைச்சதெண்டால் வெட்டத்தான் வேணும், ஆச்சி. வாய்க்கால் கரையில காடா முளைச்சதெல்லாம் வெட்டச் சொல்லி உத்தரவு. நட்டு வளர்த்த மரமெண்டால் தோட்டமரம், அது நிக்கலாம். எனக்கும் அம்மாளாச்சியிலை பயம் இருக்கு. ஆனால் உத்தரவுக்கும் பயம் இருக்கு. அடுத்த கிழமை வருவன்."

அவர் போன பிறகும் நான் பிளந்த வாயை மூடவில்லை. உள்ளே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.

2

நான் ஏன் அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன் என்று ராயபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மயிலாப்பூரிலும் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் குப்பத்தில் கட்டுமரங்களை இழுத்து ஏற்றுகிற வழிக்குப் பக்கத்தில் வலை உலர்த்துகிற மணல்மேடு. ஒரு மழைக்காலம் முடிந்ததும் அந்த மேட்டின் நட்டநடுவில் ஒரு வேப்பங்கன்று தலைகாட்டியது. உப்புக் காற்றில் புல்லே நிற்காத இடம். என் வீட்டுக்காரரின் தம்பி முனுசாமி வலையை விரித்தபோது கன்று கண்ணியில் மாட்டிக்கொண்டது. பிடுங்கப் போனான். பக்கத்துக் குடிசை கோவிந்தம்மா கூடையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"கைய எடு மாமே! யாருன்னு நெனைச்சிகினு இழுக்கறே? தானா வந்தவ!"

"வலைய எங்கம்மே காயப் போடறது? உன் தலை மேலயா?"

"என் தலை சின்னது. உன் பொஞ்சாதி வாய் பெருசு, அதுல விரி."

முனுசாமியின் பெண்சாதிக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் வழக்கு பஞ்சாயத்துக்குப் போயிற்று. குப்பத்துப் பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவராகக் கூப்பிட்டார்கள். கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "நீ வெச்சியா?" கடலைப் பார்த்துப் பொய் சொன்னவன் மறுநாள் எந்த முகத்தோடு அதில் இறங்குவான்? ஒவ்வொருவராக "இல்லே" என்றார்கள். வைத்தவர் யாரும் இல்லை என்று முடிவானதும் தீர்ப்பும் தானாக வந்தது. கன்றுக்கு மஞ்சள், வலைகளுக்கு வடக்கே புது இடம். முதல் மஞ்சளை முனுசாமியே பூசினான்.

கோவிந்தம்மாவையும் கேட்டார்களா என்று கேட்பீர்கள். கேட்டார்கள். கடலைப் பார்த்துதான் நின்றாள், கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தாள். வெயில் என்றாள். இதற்கு மேல் எழுத மாட்டேன். அவளுக்குப் பேரன்கள் இருக்கிறார்கள், ஒருவன் படித்தவன்.

நட்ட மரத்தின் கதை வேறு. அதே காலத்தில் அத்திப்பட்டு உப்பு வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில், உப்புக் கிடங்குக் குமாஸ்தா ஒருவர் வேலி கட்டி, தண்ணீர் ஊற்றி ஒரு வேம்பு வளர்த்தார். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் போதவில்லை. அவரே ஆள் வைத்து வெட்டினார், அந்த விறகிலேயே விருந்து சமைத்தார். நாங்களும் போய்ச் சாப்பிட்டோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்ததை வெட்டலாம், வந்ததை வெட்டக்கூடாது. எங்கள் ஊர்ச் சட்டம் அவ்வளவுதான்.

அதே சட்டம் கப்பலேறிப் பினாங்குக்கு வரும்போது தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

3

சொல்லவில்லை என்பதும் சரியில்லை. வந்து இறங்கின அன்றைக்கே சொன்னார்கள். எனக்குத்தான் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் சென்னைத் துறைமுகத்தில் மசூலாப் படகு தள்ளியவர். கப்பல் நடுக்கடலில் நின்ற காலத்தில் மூட்டையும் துரைசானியும் கரைக்கு வர வேண்டுமென்றால் இவர் தோள் வேண்டும். கப்பல் துறைமுகச் சுவரோரம் வந்து ஒட்டி நிற்க ஆரம்பித்ததும் தோளுக்கு மரியாதை போய்விட்டது. பினாங்கில் இன்னும் சரக்குப் படகுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் அவர் போனார். பிறகு நான் கைப்பிள்ளை ஏழுமலையோடு கப்பலின் மேல்தட்டில், ஆடுகளுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் படுத்து வந்து சேர்ந்தேன்.

இறங்கின இடத்தில் மேஜை போட்டு ஒரு துரை. பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒருவர்.

"எந்தத் தோட்டம்?"

"தோட்டமும் இல்லே, தொரவும் இல்லே."

"கங்காணி யார்? யார் உன்னை அழைத்து வந்தது?"

"யாரும் இஸ்துகினு வர்லே. நானா வந்தேன்."

இதைச் சொன்னபோதும் இப்படித்தான் நெஞ்சை நிமிர்த்தினேன். துரை எனக்கு ஒரு பெஞ்சைக் கைகாட்டினார். கங்காணி கூட்டிவந்தவர்கள் எல்லாரும் கழுத்தில் தகர வில்லையோடு வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள், சோறு தின்றார்கள், லாரி ஏறினார்கள். சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் குனிந்து, "உனக்குன்னு யாருமே இல்லையா தாயி?" என்று கண் கலங்கினாள். அவள் போகப்போகிற தோட்டத்தில் என்ன காத்திருக்கிறதோ, ஆனால் அவள் எனக்காக அழுதாள். வீட்டுக்காரர் தார் நாற்றத்தோடு ஓடிவந்து, "என் சம்சாரம்தான் சாமி" என்று சொன்ன பிறகுதான் பெஞ்சு என்னை விட்டது.

அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்: இந்த ஊரில் தானாக வருகிறது ஒரு பெருமை இல்லை, யாராவது நட்டிருக்க வேண்டும். எனக்குப் பெருமை முதல் கப்பலில் வந்துவிட்டது. புத்தி இத்தனை வருஷம் கழித்து அடுத்த கப்பலில்தான் வந்தது.

4

இன்ஸ்பெக்டர் உத்தரவு கேட்டு வீட்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் மகன்.

ஏழுமலை துறைமுகக் கிட்டங்கியில் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா. வேட்டியைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறான், தீபாவளிக்கு எடுப்பான். சாயங்காலம் ஆனால் இறகுப் பந்து. இந்த ஊரே அந்த விளையாட்டில் பைத்தியமாக இருக்கிறது. எங்கள் பின்தோட்டத்தில் கோடு போட்டு, வலை கட்டி, சிநேகிதர்களைக் கூப்பிட்டு ஆட வேண்டும் என்பது அவனுடைய வெகுநாள் கனவு. கனவுக்கு நடுவில் வேப்பமரம். வெட்டினால் தனம் பிறந்த வீட்டுக்குக் கப்பல் ஏறிவிடுவாள் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சர்க்காரே வெட்டச் சொல்றாங்கோ, நான் இன்னா பண்றது?" என்றான், துக்கமாக. துக்கத்தோடு தோட்டத்தைக் கயிறு போட்டு அளந்துகொண்டும் இருந்தான்.

"டேய், உங்க தாத்தா வலைய கடல்லே போட்டாரு. நீ தோட்டத்துல கட்டிகினு இன்னா புடிக்கப் போறே? கோழி ரெக்கையா?"

"யம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது."

அவன் பெண் ராஜம் பக்கத்தில் நின்று ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு மூன்று பாஷை வருகிறது. தமிழை மட்டும் சோறு கேட்கவும் தூக்கம் வருகிறது என்று சொல்லவும் வைத்திருக்கிறாள். வேப்பமரத்தை அவள் மலாய்க்காரப் பிள்ளைகள் மாதிரி 'மம்பு' என்றுதான் சொல்லுவாள். மரம் ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கிம் என்று ஒரு சீனக் கிழவி. எனக்கு வயது ஒத்தவள். மணி கோத்துப் பெண்களுக்குச் செருப்பு தைக்கிறவள். மத்தியானம் சாய்ந்ததும் வேம்பின் நிழல் வேலியைத் தாண்டி அவள் பின்வாசலில் விழும். அப்போதுதான் ஊசியைக் கையில் எடுப்பாள். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது சந்தை மலாயில். ஏழுமலை என்ற பெயரில் 'ஏழு'வைத் தவிர மற்றதை விழுங்கிவிட்டு, ஏழுவின் அம்மா என்ற அர்த்தத்தில் என்னை "மா ஏழு" என்று கூப்பிடுவாள்.

நடந்ததைச் சொன்னேன். அவள் மணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ நட்டாய் என்று சொல், மா ஏழு."

"நான் நடவில்லையே."

"மைனா வந்து சாட்சி சொல்லுமா?"

எனக்குச் சங்கடம்தான். அம்மன் விஷயத்தில் பொய். ஆனால் கடல் இந்தச் சந்திலிருந்து கண்ணுக்குத் தெரியாது. கோவிந்தம்மாவுக்குக் கிடைத்த வசதி எனக்கும் கிடைத்தது.

அடுத்த கிழமை சண்முகம் வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "நைனா, நான்தான் நட்டேன். அன்னிக்கு உன் தொப்பிய பார்த்து பயந்துபோய் வேற மாதிரி சொல்லிட்டேன்."

"தொப்பிக்குப் பயந்தவ போல நீங்கள் கதைக்கேல்லையே, ஆச்சி."

"எனக்குப் பயம் வந்தா வாயி ஜாஸ்தி ஆயிடும். சின்ன வயசுலேருந்து அப்படித்தான்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தோட்டமரம் என்று எழுதிக்கொண்டு போனார். நான் வெற்றிலை மடித்தேன், மகாராணி மாதிரி. திரும்பிப் பார்த்தால் தனம் மரத்தடியில் நிற்கிறாள். மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே தனம்?"

"நீ வெச்ச மரத்துக்கு இது எதுக்கு அத்தே?" என்றாள். சண்டைக் குரல் இல்லை. துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் எனக்கு வலித்தது.

அவள் போனதும் ஏழுமலை சமையலறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் தீபாவளி. எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. சர்க்கார் சட்டத்திலிருந்து மரத்தைக் காப்பாற்றி ராயபுரத்துச் சட்டத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். நட்டதை வெட்டலாம்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழுமலை ஒரு மலாய் மரம்வெட்டியோடு வந்தான். கோடாலி, ரம்பம், கயிறு. பின்னாலேயே இன்னொருவர் தோளில் சுருட்டிய வலையோடு வந்தார். தொப்பி இல்லாததால் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை. சண்முகம்! இரண்டு பேரும் சாயங்காலத்தில் சேர்ந்து இறகுப் பந்து ஆடுகிற தோஸ்துகளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"யம்மா, கொஞ்சம் நவுந்து உக்காரு. கிளை மேல வுயும்."

"வுயட்டும். உங்கப்பன் கிட்ட சீக்கிரம் போய் சேர்ந்துடறேன். இங்க பந்தாடறான் உன் புள்ளைன்னு சொல்றேன்."

"நீதானே நட்டேன்னு சொன்னே? நட்டதை வெட்டுனா தப்பில்லேன்னு உப்புக் கிடங்கு கதைய எத்தினி வாட்டி எனக்கு சொல்லிகீறே?"

இதற்குத்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக்கூடாது. மற்றதெல்லாம் மறந்துவிடுகிறார்கள், நமக்கு எதிராகப் பேசுகிறதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

தனம் வெளியே வந்தாள். கோடாலிக்கும் மரத்துக்கும் நடுவில் நின்றாள்.

"அத்தே, ஒரே வார்த்தை சொல்லு. தானா வந்துச்சா, நீ வெச்சியா? தானா வந்துதுன்னா இந்தக் கோடாலிய நானே கொண்டுபோய் கடல்ல போட்டுட்டு வர்றேன். நீ வெச்சதுன்னா எனக்கு ஒண்ணியும் இல்லே, வெட்டிக்கட்டும்."

நான் சண்முகத்தைப் பார்த்தேன். அவர் வலையைத் தோளிலிருந்து இறக்கினார்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ, ஆச்சி. என்ர காது ஞாயிற்றுக்கிழமையிலயும் கேக்கும்."

தானாக வந்தது என்றால் நாளைக்குத் தொப்பியோடு வந்து வெட்டச் சொல்லுவார். நான் வைத்தது என்றால் இன்றைக்கே வெட்டு. இரண்டு வாசலிலும் கோடாலி நிற்கிறது. மரம்வெட்டி மட்டும் என்னைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான்; அவனுக்கு எந்தச் சட்டமானாலும் சம்மதம்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிம், வாயில் ஊசியோடு, இதையெல்லாம் கூத்து மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் வெக்கலே, தானாவும் வர்லே" என்றேன். "வெச்சது கிம்."

எல்லாரும் வேலியைப் பார்த்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவள் பெயர் தெரியும். மலாயில் அவளைக் கேட்டேன்: "இந்த மரத்தை நட்டது நீதானே?"

கிம் ஊசியை வாயிலிருந்து எடுத்துச் செருப்பில் குத்தினாள். மரத்தை வேரிலிருந்து உச்சிவரை ஒரு தடவை பார்த்தாள், வாங்கப் போகிற பசுவைப் பார்க்கிற மாதிரி. என்னையும் ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் நட்டேன்" என்றாள். "வேலி போடுவதற்கு முன்னால். என் இரண்டாவது மகன் பிறந்த வருஷம்."

கேட்டதற்கு மேல் சொன்னாள். அவளுடைய இரண்டாவது மகன் மீசை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறான்.

சண்முகம் மரத்தைப் பார்த்தார். "அந்தப் பையனுக்கு முப்பது வயது இருக்கும். மரத்துக்கு அவ்வளவு இருக்காதே" என்று அவரும் மலாயில் சொன்னார்.

"சீனர்கள் நட்டால் மெதுவாக வளரும்" என்றாள் கிம்.

நான் கீழே குனிந்து வெற்றிலைப் பெட்டியில் எதையோ தேடினேன். சிரிப்பு அங்கேதான் கிடந்தது.

சண்முகம் வலையை மறுபடி தோளில் சுருட்டிப் போட்டார். "ஏழுமலை, மற்ற ஆளின்ர மரத்தில கோடாலி வைச்சால் கோட்டுக்கும் வழக்குக்கும் போகவேண்டி வரும். நான் சர்க்கார் உத்தியோகத்தன், என்னை விடு."

"யோவ், நீதானேய்யா வெட்டணும்னு சொன்னே!"

"காட்டுமரமெண்டால் சொன்னனான். இது ஆளுள்ள மரம்." வாசலுக்குப் போகிற வழியில் அவர் மரத்தின் பக்கமாகச் சுற்றிப் போனார். உள்ளங்கையை ஒரு நொடி பட்டையில் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். தனமும் பார்த்தாள்.

ஏழுமலை, "ஊர்ல பெத்த புள்ளைக்கு ஒரு இடம் இல்லே, சீனத்தி மரத்துக்கு இடம் கீது! பெரிய பேஜாரா பூட்ச்சு!" என்று கத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மரம்வெட்டிக்குக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு அதே நிழலில் துண்டை விரித்துப் படுத்தான்.

6

ஜெயித்தேன் என்று நினைத்தேன். சாயங்காலம் எங்கள் வாசல் வழியாக, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கிம் உள்ளே வந்தாள். கையில் அவள் முக்காலி, மணிப் பெட்டி, ஒரு துடைப்பம். மரத்தடியைக் கூட்டினாள். சீனர்கள் சாமிக்கு ஒட்டுகிற ஒரு சிவப்புக் காகிதத்தை அடிமரத்தில் ஒட்டினாள். பிறகு என் முக்காலியை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, நான் உட்காருகிற இடத்திலேயே அவளுடையதைப் போட்டு உட்கார்ந்தாள். பொய்யை அவள் இவ்வளவு உண்மையாக எடுத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தனம் ஜன்னலிலிருந்து, "அத்தே, இப்போ அது அம்மனா, இன்னா அது?" என்று கேட்டாள்.

"கிம் கிட்ட கேளு, அவ மரம்" என்றேன். அந்த மரத்தடியில் இனி இலை உதிர்ந்தால்கூட எனக்குச் சொந்தம் கொண்டாட வாய் இல்லை. ஆனால் மரம் நிற்கிறது. எங்கள் ஊர்க் கோவிந்தம்மா இருந்தால் கணக்கை இப்படித்தான் முடிப்பாள்.

விளக்கேற்றுகிற நேரத்தில் தனம் மஞ்சள் துணியைக் கொண்டுவந்து, சிவப்புக் காகிதத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, கிம்மைப் பார்த்துத் தலையாட்டி அனுமதி வாங்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் பல் துலக்கப் பின்பக்கம் போனேன். கிம் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டுவிட்டுத்தான் ஒடிக்க வேண்டுமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். கேட்கவில்லை. தாழ்ந்த கிளையில் ஒரு குச்சி ஒடித்தேன். அவள் பார்த்தாள். இன்னொன்று ஒடித்து அவளிடம் நீட்டினேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் மென்று காட்டியதும் அவளும் கடைவாயில் வைத்து நன்றாக ஒரு கடி கடித்தாள்.

அந்த முகம் போன போக்கை எழுத எனக்கு எழுத்து போதாது. துப்பினாள், மலாயிலும் சீனத்திலும் என்னை என்னென்னவோ சொன்னாள், வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

"ஐயோ மா ஏழு, கசப்பு!"

"உன் மரம்தானே" என்றேன். "மெல்லு."